நாலு மணி டியூட்டி

"இந்நேரத்துல கூப்புடாத கண்ணு, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சிங்கப்பூரிலிருந்து பேசிய மகளை அப்புசாமி அதட்டினார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். செய்யப்போவது பேச்சு வேலை மட்டும்தான், முகம் தெரியாது. ஆனாலும் வேலை வேலைதானே.

"வேற ஒண்ணுமில்லீங்ப்பா. அவருகூட நல்லாப் பேசறீங்களான்னு கேக்கத்தான்" என்றாள் கீதா.

"பேசாம? பாவம் கண்ணு அந்த மனுசன். ஊட்டுக்காரம்மா போயிட்டாங்க, மகன் கனடாவுல. என்னைய உட்டா அவருக்குப் பேச ஆரு இருக்கறா?"

"சரிங்ப்பா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்க பேசறது போன் இல்லாமயே சிங்கப்பூருக்குக் கேக்குது."

சிங்காநல்லூர் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. சூப்பர்வைசர் வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை என்று இணையத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தவளே கீதாதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் பெற்றவர்களுக்காகக் கம்பெனியில் பணம் கட்டுவார்கள். கம்பெனி தினமும் நாலு மணிக்கு ஒரு பேச்சுத் துணையை அவர்களோடு செல்போனில் இணைத்துவிடும். அந்தப் பேச்சுத் துணைதான் அப்புசாமி.

வேலைக்குச் சில விதிகள் உண்டு. சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரிக்க வேண்டும். நாமாகப் போனை வைக்கக் கூடாது. முக்கியமாக, கம்பெனி, சம்பளம் என்று வாயே திறக்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பவருக்கு இது வெறும் சிநேகிதமாகத்தான் தெரிய வேண்டும்.

நேற்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு ஒரு குண்டைப் போட்டாள். எதிர்முனைக்காரரிடம் விஷயத்தை உடைக்காமல் அப்புசாமியைப் பற்றிக் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்களாம். அதிலிருந்து அப்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளம் கிடக்கட்டும். நாலு மணிக்கு வேலை இல்லை என்றால் மூன்று மணிக்கு எதற்காகக் குளிப்பது?

செல்போன் அடித்தது.

"ஏனுங்க, சாப்டீங்ளா?" என்று செங்கோட்டையன் முந்திக்கொண்டார். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்குள் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க. பிரஷர் மாத்திரை போட்டீங்ளா?"

அப்புசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கேட்க வேண்டிய கேள்வி. தினமும் இதே கதைதான். போஸ்ட்மாஸ்டருக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

"போட்டனுங்க. தோப்புல என்னங்க விசேசம்?"

"ஆனை வந்துபோட்டுப் போச்சுங்க. வாழையத் தின்னுட்டு, தண்ணித் தொட்டிய உருட்டி உட்ருச்சு."

"உங்களுக்காச்சும் ஆனை வருது. எங்கூட்டுக்குப் பூனைகூட வர்றதில்லீங்க."

செங்கோட்டையன் சிரித்தார். "அம்மணி இருந்தப்பப் பூனை வருமுங்ளா?"

வருமாவது! மனைவி சென்னியம்மாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினால் தெருப் பூனை அத்தனையும் வாசலில் ஆஜர். புருசனுக்கு ஊற்றும் நெய்யில் அவற்றுக்கும் பங்கு. கேட்டால், 'அதுகளாச்சும் நல்லாருக்குதுன்னு கத்தித் தொலைக்குது, நீங்க வாயத் தொறக்கறீங்ளா?' என்பாள். அத்தனையையும் அப்புசாமி சொல்லித் தீர்த்தார். செங்கோட்டையன் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார்.

எதிராளியின் மனசைத் திறக்க வேண்டுமானால் முதலில் நம் மனசைக் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும், இதெல்லாம் தொழில் நுணுக்கம் என்று அப்புசாமி தனக்குள் சொல்லிக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அதில் சேர்த்தி.

இணைப்பு தானாக அறுந்துவிடும் நேரம் நெருங்கியது. விதியாவது மண்ணாவது, தன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று துணிந்தார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு..."

"ஏனுங்க, ஒரு சமாச்சாரம்..." என்று அதே நேரத்தில் செங்கோட்டையனும் ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்க மொதல்ல சொல்லுங்க."

"அட, பெரியவரு நீங்க சொல்லுங்க."

"நீங்கதானுங்க பெரியவரு."

இந்த மரியாதையிலேயே மிச்ச நேரமும் கரைந்துகொண்டிருந்தது. அப்புசாமிக்கு விளங்கிவிட்டது. இனிமேல் பேச வேண்டாம் என்பதைத்தான் மனுசன் இப்படி இழுக்கிறார். வேண்டாம் என்று பட்டென்று சொல்ல இந்தப் பக்கத்து ஆள்களுக்கு வாய் வராதே.

"எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டனுங்க" என்றார். சொன்னது பச்சைப் பொய்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் கம்பெனில இருந்து கேட்டாங்கன்னா, நான் நல்லாப் பேசறேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, இல்லீன்னா எனக்கு வேலை போயிருமுங்க."