இரண்டாம் குழாய்

ஒன்றாம் குழாயை நானே திறந்தேன்.

ஒரே இழுப்பு. குறுக்கே நின்ற கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் வந்து படுத்துக்கொண்டது. குளத்துத் தண்ணீர் குபீரென்று உள்ளே இறங்கியது. எதுவோ குழாயில் இடித்துக்கொண்டு போனது. வழித்தது போக மிச்சமிருந்த சேறு என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா நயினாரே? தட்டவும் இல்ல, காத்துக் கெடக்கவும் இல்ல. அரை நிமிஷ வேலை."

வால்வுக்காரர் ஜினதாஸ் ஓடும் தண்ணீரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

செஞ்சிக் கோட்டை மலை தெரிகிற தூரத்தில் எங்கள் சர்க்கரை ஆலை. அறுபத்தாறாம் வருஷம், கரும்பு அரைப்பு தொடங்குகிற காலை. நான் எஞ்சினியர். பத்து மணிக்குப் பாகு கொதிக்க வேண்டும். அதற்குள் இரண்டு குழாயிலும் தண்ணீர் ஓட வேண்டும். மேனேஜர் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

குழாய் ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். குளத்தங்கரையில், தண்ணீர் நுழையும் தலைப்பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டர்ஃப்ளை வால்வு. பெயர்தான் பட்டாம்பூச்சி. உள்ளே இருப்பது குழாயின் வாய் அளவுக்கு ஒரு வட்டத் தகடு, அதன் நடுவே ஒரு தண்டு, அவ்வளவுதான். கைப்பிடி குறுக்கே நின்றால் தகடும் குறுக்கே நின்று தண்ணீரை மறிக்கும். கால் வட்டம் திருப்பினால் தகடு ஒருக்களித்துக்கொள்ளும், தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் ஓடும். கைப்பிடியைப் பார்த்தாலே குழாய்க்குள் நடப்பது தெரிந்துவிடும் என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

ஜினதாஸ் சமணர்; இந்தப் பக்கம் சமணர்களை நயினார் என்பார்கள். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அரைப்பு இல்லாத மாதங்களில் வறண்ட குழாயில் தவளைகள் குடியேறிவிடும். அதனால் வால்வைத் திறக்குமுன் ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். பிறகு இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தவளைகள் வெளியேற அவகாசமாம்.

ஆலையே சிரிக்கும். "இன்னா நயினாரே, தவளைக்குத் தந்தி அடிச்சாச்சா?" என்று இந்த ஊர்ப் பேச்சிலேயே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்று காலை ஒன்றாம் குழாயில் தட்ட அவர் ஸ்பேனரை ஓங்கியபோது நான் சிரிக்கவில்லை. கத்தினேன். இனிமேல் ஸ்பேனரால் தட்டினால் வேலை போய்விடும் என்றேன். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி என் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

சேறு வழிக்கிற ஆட்கள் விடிந்ததுமே குழாய்களுக்குள் இறங்கியிருந்தார்கள். ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியாயிற்று. சங்கு ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் உத்தரவு. வந்திருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். குழாய்களின் மறுவாய் கரைக்குக் கீழே, கட்டடங்களுக்கு அந்தப் பக்கம். நான் போய்ப் பார்க்கவில்லை.

"ரெண்டாவதை நீங்களே திறங்க" என்றேன்.

ஜினதாஸ் கைப்பிடியைப் பிடித்தார். விட்டார். குனிந்து, விரலை மடக்கி, முட்டியால் குழாயில் மூன்று முறை தட்டினார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யோவ்!"

"ஸ்பேனரால இல்லீங்களே சார்" என்றார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

குழாய்க்குள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். மூன்று முறை.

ஜினதாஸ் கைப்பிடியின் மேல் குப்புறக் கவிழ்ந்து அதைக் கட்டிக்கொண்டார், எங்கே நான் தொட்டுவிடுவேனோ என்று.

இரண்டு நிமிஷம் கழித்து, கையில் சேறு வழிக்கும் கரண்டியோடு பச்சைமுத்து கரை ஏறி வந்தான். தலையிலிருந்து கால் வரை சேறு. கண் மட்டும் தெரிந்தது.

"சங்கு காதுல விழலியா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு சார். சங்க யாரு கேக்குறாங்க? நயினாரு தட்டினாதான் நாங்க வருவோம். தட்டிட்டாருன்னா ரெண்டு நிமிஷம் இருக்குது, நிதானமா ஊர்ந்து வந்துடலாம். எல்லா வருசமும் அப்டித்தான்."

ஜினதாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது தெரியாது. பாவம், அவர் தவளைகளுக்காகத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு சத்தம் ரொம்ப சன்னமா கேட்டுச்சு நயினாரே" என்றான் பச்சைமுத்து. "நீதானான்னு சந்தேகம். அதான் திருப்பித் தட்டினேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஜினதாஸிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

பச்சைமுத்து முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

"இளையபெருமாள் எங்க சார்? அவன் ஒண்ணாம் கொழாயில இருந்தானே?"

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பச்சைமுத்து ஒன்றாம் குழாயின் கைப்பிடியைப் பார்த்துவிட்டான். அது நீளவாக்கில் படுத்திருந்தது. அதைப் பார்த்தாலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும் என்று அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.