வெறுஞ்சுவரில் ஓர் ஆணி

"யாரு இந்த ஆணியை அடிச்சது?"

கட்டிடக் கலைஞர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

இறந்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன் சொந்தக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்கிற அறை அது. அவர் வரைந்து, அவரே கூட நின்று கட்டியது. கூரையிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம், எதிரே வெறுஞ்சுவர், அவ்வளவுதான். மேசை, நாற்காலி என்று ஏதாவது வந்தால் சோகத்தைக் கலையாக உணரவைக்கும் கருணை ரசம் கலைந்துவிடும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் அவர்.

ஏறிய மேடையிலெல்லாம் சொல்லியிருக்கிறார். துக்கம் ஒருவருக்குச் சொந்தம். ரசம் யாருக்கும் சொந்தமில்லை. இந்தச் சுவரைப் பார்க்கிறவர் தன் அழுகையை மறந்து உலகத்தின் அழுகையை உணர வேண்டும்.

அந்தச் சுவரின் நட்டநடுவில்தான் ஆணி. அதுவும் கோணலாக!

இவ்வளவு பெரிய கட்டிடத்தில் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? காலண்டர் மாட்டவா, துடைப்பம் தொங்கவிடவா? ரசனை என்பது மருந்துக்குக்கூட இல்லாத ஜென்மங்கள்.

கையிலிருந்த பையின் பிடி விரலை அறுத்தது. கை மாற்றிக்கொண்டார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள்.

"நான்தாங்க அடிச்சேன். வேணாம்னா பிடுங்கிப் போட்டுருங்க."

பயமாவது, வெட்கமாவது! சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு கையால் ஆணியைப் பிடித்து ஆட்டினார். பாழாய்ப்போனது இம்மிகூட அசையவில்லை. இரண்டு கையும் வேண்டும்.

பையை எங்கே வைப்பது? மேசை இல்லை. நாற்காலி இல்லை. ஜன்னல் விளிம்புகூட அவர் விட்டுவைக்கவில்லை.

தரை இருந்தது. குனிந்தார். பை தரையைத் தொடும் முன் வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, பாதி படித்த வாரப் பத்திரிகை. பையின் மேல் நர்ஸ் எழுதிக் கொடுத்த படுக்கை எண். அதன் கீழே அவர் மனைவியின் பெயர்.

கதவு திறந்தது. சக்கரக் கட்டிலை உள்ளே தள்ளிவந்தார்கள்.

அவர் பையை ஆணியில் மாட்டினார்.

அவள் முகத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது.