ஐந்து மணிப் பாட்டு

"ஏத்தா முனீஸ்வரி, இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?"

முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த அம்சத் பீவி காதைப் பொத்திக்கொண்டார்.

உத்தமபாளையத்தின் அந்தச் சின்ன பிசியோதெரபி சென்டரில் தினமும் இதே கூத்துதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு பி.டி. மாஸ்டர் தங்கப்பாண்டியன் ஊன்றுகோலோடு உள்ளே போவார். பிசியோதெரபிஸ்ட் முனீஸ்வரி திரையை இழுத்துவிட்டு, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டை அலறவிடுவாள்.

"சார் எக்சர்சைஸ் முடியிற வரைக்கும்தாம்மா. பொறுத்துக்கங்க."

"பாட்டுப் போட்டாத்தான் வாத்தியாருக்குக் காலு மடங்குமோ?"

வாசலில் மாஸ்டரின் கபடி டீம் பெண்கள் காத்திருந்தார்கள். மறுநாள் தேனியில் மாவட்டப் போட்டி. முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது என்பதால் மாஸ்டர் போக முடியாது. அவரிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். 'வலிக்குதுன்னு வாயத் தொறக்கக் கூடாது' என்பதுதான் அவர் அவர்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

சத்தம் இன்னும் கூடியது. அம்சத் பீவிக்குப் பொறுமை போய்விட்டது. நொண்டிக்கொண்டே போய்த் திரையை விலக்கினார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனார்.

மாஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா... ஆத்தா..." என்று கதறிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். விறைத்துப்போன காலை முனீஸ்வரி கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டு ஆச்சு சார். இன்னும் ரெண்டுதான்."

அம்சத் பீவியைப் பார்த்ததும் முனீஸ்வரி அருகில் வந்து காதோடு சொன்னாள். "ஸ்கூல் கிரவுண்டுல என் கை ஒடிஞ்சப்ப, நான் அழுறது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு விடாம விசில் ஊதுனாகம்மா, சார்."

பாட்டு பட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது.

வாசலில் பெண்கள் பேசுவது அப்படியே உள்ளே கேட்டது. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"போதும்த்தா. மிச்சத்த நாளைக்குப் பாப்போம்."

"நீ மடக்குத்தா" என்று முணுமுணுத்தார் அம்சத் பீவி. அடுத்த நொடி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "யா அல்லா! உசுரு போகுதே! விடுத்தா என்னைய!"

ஒன்பது. பத்து.

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"உள்ள யாரு சார் அப்பிடிக் கத்துனது?"

பின்னாலேயே வந்த அம்சத் பீவி முந்திக்கொண்டார்.

"நாந்தாத்தா. உங்க சாரு மாதிரி வலி தாங்குற வைராக்கியம் எனக்கு ஏது?"