வஸ்வாவின் நகல்

“ஒண்ணை அழிச்சா இன்னொண்ணு அதைத் திரும்பக் கொண்டாந்து வைக்குது! எந்தப் பாவி பண்ண வேலை இது?”

லுபேகா மேசையில் ஓங்கித் தட்டினான். நமுலியின் வாய் நிறைய முட்டைச் சப்பாத்தி.

கம்பாலாவில் ஒரு மாடி அறையில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர் கடை அது. ஒரு பள்ளிக்கூடத்துக்காக மாதக்கணக்கில் எழுதிய புரோகிராமைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் காலையில் நமுலியை ஸ்கேனுக்குத் தனியாக அனுப்பினான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. கூடப் போகவில்லையே என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

“பிள்ளை நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“நல்லாருக்காம். நீ உன் மெஷினையே கட்டிக்கிட்டு அழு.”

“கோவிச்சுக்காதே நமுலி. உன்னை மெஷின்கிட்ட உட்கார வெச்சுட்டு நான் உனக்குச் சப்பாத்தி வாங்கப் போன நேரத்துல ஏதோ உள்ள நுழைஞ்சிருச்சு. ஆமா, எனக்கும் சேர்த்துத்தானே வாங்கினேன், எங்கே?”

“பசிச்சுது. தின்னுட்டேன்.”

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தலையை நீட்டினார். இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பனானவரை அந்த ஊரில் ‘சாலோங்கோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

“என்னப்பா சத்தம்?”

“வைரஸ், சாலோங்கோ! வஸ்வான்னு ஒரு புரோகிராம். தன்னைத்தானே இன்னொரு இடத்துக்குக் காப்பி பண்ணி, அதுக்குக் கட்டோன்னு பேர் வெச்சுக்குது.”

“அட, என் பசங்க பேரு!”

“இரட்டைப் பயலுகன்னாலே நம்ம ஊர்ல அந்தப் பேருதானே! எவனோ குறும்புக்காரன். வஸ்வாவை அழிச்சா கட்டோ கொண்டாந்துடுறான். கட்டோவை அழிச்சா வஸ்வா.”

“மொத்தமாத் துடைச்சுப் போடுப்பா!” என்று சொல்லிவிட்டு அவர் தன் கடைக்குப் போய்விட்டார்.

துடைத்தால் எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் மறுபடி ஏற்ற முடியாது. பள்ளிக்கூடம் வேறு ஆளைத் தேடிப் போய்விடும். வைரஸோடு கொடுத்தாலோ மானம் போய்விடும்.

“வேற வழியில்லை. ரெண்டு பயலுகளையும் ஒரேயடியா ஒழிச்சுக்கட்டிடுறேன்” என்று அவன் விசைப்பலகையில் கை வைத்தான்.

நமுலி பதறியடித்து எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

“போதும், அவங்களை விட்டுடு சாலோங்கோ!”

பக்கத்துக் கடைக்காரர்தான் திரும்பி வந்துவிட்டாரோ என்று லுபேகா வாசலைப் பார்த்தான். அங்கே யாருமே இல்லை.