வழக்கமான வாசகம்

குழந்தையின் துணிகளைத் தெருக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நகராட்சி குமாஸ்தா தாளும் பேனாவுமாக வந்தார். பின்னாலேயே தண்ணீர்க் கம்பெனி மேனேஜர். வெளிநாட்டுக்காரர். நம் பேச்சு புரியும், எழுத்து தெரியாது.

"கிணத்தைக் கம்பெனிக்கு விடணும். 'ஆட்சேபணை இல்லை'ன்னு வழக்கமான வாசகம்தான். கையெழுத்துப் போடுங்க" என்றார் குமாஸ்தா.

"அரசாங்கம் முடியாதுன்னு சொல்லாதா?" பெரியத்தை கேட்டாள். என் மாமியாரின் அக்கா.

"சொன்னா அரசாங்கத்து மேலேயே வெளிநாட்டுல கேஸ் போடுவாங்களாம். மந்திரியே வாயைத் திறக்கல."

"அப்போ நாங்க ஓட்டுப் போட்டது மந்திரிக்கா, கம்பெனிக்கா? கையெழுத்தாவது காலெழுத்தாவது! யாரும் போடாதீங்கடி!"

"போடாட்டியும் பரவாயில்லை" என்று மேனேஜர் சிரித்தார்.

குமாஸ்தா தாளை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, நீ படிச்ச பொண்ணு. படிச்சுப் பார்த்துப் போடு."

நான் படித்தது நாலாங்கிளாஸ். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே! எவ்வளவுடி வாங்கினே?" பெரியத்தை தாளைக் கிழிக்கப் பாய்ந்தாள்.

பெரியவர்களை நான் எதிர்த்து நின்றதே இல்லை. அன்றைக்கு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கடைசி வரியில் விரலை வைத்தேன்.

படித்தாள். குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனாவைக் குடு" என்றாள். "ஏய், எல்லாரும் வாங்கடி! வாயை மூடிட்டுப் படிச்சுப் போடுங்க!"

மேனேஜர் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு கார் ஏறிப் போனார்.

மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, 'ஆட்சேபணை இல்லை'ங்கற இடத்துல 'ஆட்சேபணை உண்டு'ன்னு தப்பா அடிச்சிட்டீங்களா?"

"இருபது வருஷமா 'இல்லை'ன்னே அடிச்ச கை, தங்கச்சி. இன்னிக்குள்ள எழுத்துல மறுக்கலைன்னா, கிணறு கம்பெனிக்குத்தான். அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு." தாளைத் தட்டிக் காட்டினார். "நான் எங்கே சொன்னேன்?"

"உங்க வேலை போயிடுமே, அண்ணே!"

"அடியே, குழந்தை அழுவுது!" மாமியார் கூப்பிட்டாள். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். குமாஸ்தா பேனாவைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே தன்னுடைய கையெழுத்தையும் போட்டுக்கொண்டிருந்தார்.