மூன்றாவது பல்பு

"அண்ணி, இந்தப் பல்பும் ஓரம் கறுக்க ஆரம்பிச்சிருச்சு."

உள்ளறையிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. அவள் பொறுக்கிக்கொண்டிருந்த விதைகளை மேசையில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வெயில் என்றால் இரண்டு விளக்குகள்தான். பெரிய விளக்கில் அறுநூறு வாட் பல்பு. அதன் கீழே ஒரு சாண் உயரம் வளர்ந்த குடமிளகாய் நாற்றுகள். சின்ன விளக்கில் நானூறு வாட். அதன் கீழே இப்போதுதான் இலை விட்ட குஞ்சுகள். கொஞ்ச நாளாகப் பெரிய விளக்கு மங்கலாக நடுங்கிக்கொண்டிருந்தது. சின்னதோ கண்ணைக் குத்தும்படி எரிந்து, பல்பு பல்பாகத் தின்றுகொண்டிருந்தது. இது மூன்றாவது. கைவசம் வேறு இல்லை. சனிக்கிழமை நர்சரிக்காரர் நாற்றெடுக்க வருகிறார். அவர்களுடைய முதல் ஆர்டர்.

"இலையெல்லாம் காகிதம் மாதிரி ஆயிருச்சு. இப்படியே போனா சனிக்கிழமை வெறும் தொட்டியைத்தான் அவர்கிட்ட நீட்டணும்."

"விளக்கை இன்னும் கொஞ்சம் உயரத்துல கட்டட்டுமா அண்ணி?"

"தலைவலிக்குத் தலையணையை மாத்துற கதை." அவள் திரும்பி வந்து மேசை முன் உட்கார்ந்தாள். விளக்குகளுக்குக் கரண்ட் தரும் இரண்டு பெட்டிகளும் இந்த வெளியறையில்தான் இருந்தன, ஒன்று ஜன்னலோரம், மற்றது மேசைக்கடியில்; அதன் ஓரம் கால்களை நீட்டினாள். இத்தனை கவலையிலும் அந்தக் கதகதப்பு இதமாக இருந்தது. "இங்க வா. இந்தப் பல்பையெல்லாம் எந்தக் கடையில வாங்கினே?"

"நீங்க சொன்ன கடையிலதான்."

"நிஜமா?"

"என்ன அண்ணி கேள்வி இது?"

"சொல்றேன், உக்காரு. டியூப்லைட்டுக்குச் சோக் இருக்குல்ல? இந்தப் பெட்டியும் அதேதான், பெரிய சோக். இந்த மாதிரி பல்புக்குத் தன் வயித்தளவு தெரியாது. பத்திக்கிட்டா கரண்டை இழுத்துக்கிட்டே இருக்கும். அளந்து பரிமாறுறது பெட்டிதான். ஆனா பந்தியில யார் உக்காந்திருக்கான்னு பெட்டி பார்க்காது. அறுநூறு பெட்டின்னா அறுநூறுக்குத்தான் பரிமாறும். அதுல நானூறு பல்பை மாட்டினா என்னாகும்?"

"அஜீரணம்."

"ஆயுசே முடிஞ்சிரும். அறுநூறு பல்பைக் கொண்டுபோய் நானூறு பெட்டியில மாட்டினா?"

"அரைப் பட்டினி. மங்கலா நடுங்கிக்கிட்டு..." அவன் நிறுத்தினான். "அண்ணி, இங்க நடக்கிறது அச்சு அசல் இதுதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பெட்டி ரெண்டும் நானே பார்த்துப் பார்த்துப் பொருத்தினது. ஜன்னலோரம் இருக்கிறது அறுநூறு, பெரிய விளக்குக்கு. என் காலடியில இருக்கிறது நானூறு, சின்னதுக்கு. ஷாக் அடிக்கும்னு அன்னையிலிருந்து உன்னைக்கூடத் தொட விட்டதில்லை. அப்ப பெட்டி பொய் சொல்லாது. பல்புதான் சொல்லுது. மேலே ஒண்ணு அச்சடிச்சு, உள்ளே வேற ஒண்ணை வெச்சு எவனோ வித்திருக்கான். நீயும் மலிவா கிடைக்குதேன்னு வாங்கியிருக்கே."

"சத்தியமா இல்லை அண்ணி."

"நீ புதுப் பல்பு கொண்டுவந்து மாட்டின பிறகுதானே இந்தக் கூத்தெல்லாம்?"

இருந்த வேலையை விட்டுவிட்டு, அண்ணன் கூப்பிட்டார் என்பதற்காக வந்தவன் அவன். எழுந்துபோய்த் துணிப்பையை எடுத்து வந்தான்.

"நான் பழைய இடத்துக்கே போயிடறேன். கேட்டா சேர்த்துக்குவாங்க."

அந்த நேரத்தில் போன் அடித்தது. கணவன். லாரி ஓட்டுபவன்; வீட்டில் தங்குவது எப்போதாவது ஒரு ராத்திரிதான். ஸ்டியரிங் பிடிக்கிறவன் மனதில் பாரம் ஏற்றக் கூடாது என்று, பல்பு போன கதையை அவள் இதுவரை அவனிடம் மூச்சு விடவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. சளி."

"தம்பி என்ன பண்றான்?"

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். "இருக்கான். நீங்க எப்ப வர்றீங்க?"

"சனிக்கிழமை காலையில வந்துருவேன். நாத்தை நானே வண்டியில ஏத்தி விடறேன், கவலைப்படாதே." சற்று நிறுத்தி, நல்ல காரியம் செய்தவன் குரலில் கேட்டான். "ஆமா, மேசைக்கடியில இப்பவும் கால் குளிருதா?"

"என்னது?"

"கால் ஐஸ் மாதிரி விறைச்சுப் போகுதுன்னு போன தடவை வந்தப்ப சொன்னியே. கிளம்புறப்ப நீ தூங்கிட்டிருந்தே. ஜன்னலோரம் இருக்கிற பெட்டிதான் எப்பவும் நல்லாச் சுடும்னு அதைத் தூக்கி உன் காலடியில வெச்சு, அங்க இருந்ததை ஜன்னல் பக்கம் நகர்த்திட்டேன். ஒயர் எட்டலை, அதனால அங்கங்க இருந்த விளக்கு ஒயரையே மாட்டிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி பெட்டிதானே?"

அவள் மெதுவாகக் குனிந்து, சுவரைப் பார்த்திருந்த பெட்டியின் முகத்தை முந்தானையால் பிடித்துத் திருப்பினாள். அறுநூறு.

"தம்பி, பையைக் கீழே வை," என்றாள். "மெயினை அணைச்சுட்டு ரெண்டு பெட்டியையும் உன் கையாலேயே இடம் மாத்தி வை. வெச்சுட்டுக் கடைக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் வாங்கிட்டு வா."