கடைசி வரிசையில் கப்பல்

வீட்டு இன்டர்நெட்டில் மாமனாரைக் கடைசி வரிசையில் போட்டுவிட்டாள் மருமகள். போட்டதை அவரிடமே சொல்லவும் செய்தாள்.

அவளுக்கும் வேறு வழியில்லை. நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா முன்னால் உட்கார வேண்டும். எங்கிருந்தோ ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருப்பார். படம் உறைந்து நின்றால் பரீட்சை ரத்து. போன தடவை பாதிக் கேள்வியில் அப்படித்தான் நின்றது. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் நெட்வொர்க் பிரிவிலிருந்து தூக்கி, மறுபடியும் புகார் வாங்கும் டெலிபோன் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மேலதிகாரி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லைனை அடைத்துக்கொண்டது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏதேதோ துறைமுகங்களின் நேரடிக் கேமராக்களை டேப்லெட்டில் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் கப்பல் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். முகம் தெரியாத கிரேன்காரனைத் திட்டுவார். "பெட்டியை இறக்கச் சொன்னா ஊஞ்சல் ஆட்டுறான் பாரு."

ஆபீஸில் கழித்துப்போட்ட ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டு லைனை அதன் வழியாகத் திருப்பினாள். பாடத்தில் இருப்பதும் அதுதான்: லைனில் நெரிசல் வந்தால் எதை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது. பரீட்சைக் கேமராவுக்கு முதல் இடம். கணவனின் ஆபீஸ் வேலை அடுத்தது. மாமனாரின் கப்பல் கடைசி. நெரிசல் முற்றினால் முதலில் தூக்கி எறியப்படுவதும் அதுதான்.

"எங்கப்பாவுக்குப் பொழுதுபோக்கே அது ஒண்ணுதான்," என்று முணுமுணுத்தான் கணவன். பரீட்சை முடிகிற வரைக்கும்தானே என்றாள் அவள்.

மாமனார் சும்மா விடவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கும் கப்பல் கரைக்கு வரலை. நடுக்கடல்லயே நிக்குது. உள்ள இருக்கிற மாலுமியெல்லாம் வீட்டுக்கு நீந்தியே போயிருப்பான்."

கணவன் தர்மசங்கடமாகத் தட்டைப் பார்ப்பான். மாமனாரோ, துறைமுகத்தில் தன்னைக் கேட்காமல் ஒரு பெட்டி நகர்ந்ததில்லை, இப்போது மருமகள் மனசு வைத்தால்தான் கப்பலே நகருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் லிஃப்டில் அவளைப் பார்த்தால் சிரிப்பதில்லை.

அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கப்பல் திணறுகிறது என்றால், தான் ரவுட்டரில் போட்ட கட்டளைகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் கேமராப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை. கூடப் படிக்கும் தோழி போனில் கேட்டாள். "கடைசி வரிசையில எவ்வளவு தூக்கி எறிஞ்சிருக்கு? ரவுட்டர்லயே காட்டுமே, பாரு."

பார்த்தாள். தூக்கி எறிந்தது பூஜ்யம். அதுகூடப் போகட்டும், அந்த வரிசைக்குள் வந்ததே பூஜ்யம்.

தோழி கட்டளைகளை வரிவரியாகப் படிக்கச் சொன்னாள். பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

"அடிப்பாவி. கப்பல் வெளியில இருந்து வீட்டுக்குள்ள வருது. நீ வீட்டுல இருந்து வெளிய போற பக்கத்துல காவல் போட்டிருக்க. நாளைக்கு இதையே செஞ்சு வச்சின்னா அந்தக் கேள்வி மொத்தமும் போச்சு."

இத்தனை நாளும் ஓடியதாக அவள் நம்பிய எதுவும் ஓடவே இல்லை. காவலை உள்ளே வரும் பக்கத்துக்கு மாற்றினாள். மறுபடி பார்த்தாள். இப்போதும் பூஜ்யம். மாமனாரின் அறையிலிருந்து மட்டும் கிரேன்காரனுக்கு விழும் திட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். டேப்லெட்டில் கப்பல் இருந்தது. மேலே வைஃபை அடையாளம் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எப்போதோ சேமித்து வைத்த படம்.

"நெட்டை எப்ப மாமா அணைச்சீங்க?"

"நீ படிக்க உட்கார்ந்தா அணைச்சிடுவேன். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிற வீட்டுல கப்பல் என்ன வேண்டிக்கிடக்கு?"

ஒத்திகையில் கேமரா திணறாமல் இருந்ததற்கு அவளுடைய கட்டளைகள் காரணமில்லை. இவர்தான்.

நேரடிக் கேமராவை இப்போதே போடச் சொன்னாள். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டா என்று தயங்கினார். அவர் பார்த்தால்தான் தன் பாடம் சரியா என்று தெரியும் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

வைஃபை வந்தது, கப்பல் வந்தது. அவள் தன் கேமராவையும் போட்டு, பெரிய டவுன்லோடு ஒன்றையும் ஓடவிட்டாள். கப்பல் ஒரு தடவை வெட்டி இழுத்தது, அப்படியே நின்றது. ரவுட்டரில் கடைசி வரிசையின் எண் விறுவிறுவென்று ஏறியது. கேமராவில் அவள் முகம் துளியும் கலங்கவில்லை.

அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"அப்புறம் ஏன் மாமா, கப்பல் நிக்குது நிக்குதுன்னு தினம் என்னைக் குத்திக்காட்டினீங்க? பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொன்னீங்களே?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் நாள் நீ ஆசையா வந்து, 'கப்பல் திணறுதா மாமா'ன்னு கேட்ட. 'நல்லா ஓடுதும்மா'ன்னேன். உன் முகம் சுருங்கிப்போச்சு. மறுபடியும் முதல்ல இருந்து எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டு உட்கார்ந்துட்ட. அதுக்கப்புறம் எனக்கு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரலம்மா."